ஜன்னலில் அடைத்த குல்லா

போன மாதக் கரண்டு பில்லைப் பார்த்ததும் ஹீட்டரைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டாள் ஜெசிந்தா. கீழே இருந்தாலும் இப்போது பயனில்லை. கம்பி மேல் மரம் விழுந்து, நேற்றிலிருந்து மலை முழுக்க மின்சாரம் கிடையாது. மதியத்திலேயே மூடுபனி வாசலுக்கு வந்துவிட்டது. கணப்புச் சட்டியில் கரியை மூட்டி அறைக்குள் வைத்தாள். கதவிடுக்கில் பழைய புடவைகளைத் திணித்தாள். ஜன்னலில் ஒரு கண்ணாடி எப்போதோ உடைந்தது. மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்றே கணவன் எட்வின் காலம் கடத்திவிட்டான். அந்த ஓட்டையில் அவனுடைய கம்பளிக் குல்லாவையே அடைத்தாள்.

"என் குல்லாதான் கெடைச்சுதா?"

"கண்ணாடி மாத்தாதவருக்கு அதான் தண்டனை. படுங்க."

கதகதப்பில் இருவரும் அயர்ந்தார்கள்.

தலை பிளக்கும் வலியில் ஜெசிந்தா விழித்தாள். குமட்டியது. கரி இன்னும் சிவந்திருந்தது. போன குளிரில், மேலே எஸ்டேட் லைன் வீடொன்றில் இப்படிக் கரியை வைத்துக் கதவடைத்துப் படுத்தவர்கள் எழுந்திருக்கவேயில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எட்வினை உலுக்கினாள். அசைவில்லை. மறுபடியும் உலுக்கினாள். அவள் முகத்தில் சில்லென்று காற்று அடித்தது. ஜன்னல் ஓட்டை திறந்து கிடந்தது. அதன் வழியே பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. குல்லா எட்வின் தலையில் இருந்தது.

"காது குளிருச்சு ஜெசி," என்றான் கண் திறக்காமல், பிடிபட்ட குரலில். "நாளைக்கே கண்ணாடி மாத்திடறேன்."

அவள் தள்ளாடிப் போய்க் கதவை விரியத் திறந்தாள். கணப்பை வெளியே வைத்துவிட்டு வந்து, குல்லாவை அவன் காது மறைய இழுத்துவிட்டாள்.

"மாத்தித்தான் பாருங்க," என்றாள்.