மாப்பிள்ளை மடித்த சேலை

பட்டப்பகலில் ஆம்பிளை ஒருத்தன் பொண்டாட்டி சேலையைத் தரையில் விரித்து, மண்டி போட்டு மடித்துக்கொண்டிருந்தால் எந்த மாமனாருக்கும் பற்றிக்கொண்டுதான் வரும். சின்னண்ணன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். எருமப்பட்டியில் பஸ் இறங்கியதும் டீக்கடைக்காரன் சொன்னது பொய்யில்லை. தை மாசத்திலிருந்து மருமகனுக்குப் புத்தி பிசகித்தான் போயிருந்தது.

மருதாசலம் தலை நிமிரவில்லை. ஓரத்தை நீவி, உள்ளங்கையால் காற்றை ஒதுக்கி, மடிப்பின்மேல் மடிப்பு வைத்தான். பக்கத்தில் கட்டில் கயிறு சுருள் சுருளாகக் கிடந்தது. மகள் சென்னியம்மாள் சுவரில் சாய்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் ஒரு பழுப்பு அட்டை.

பட்டாளத்தில் இருந்தவரை மருதாசலத்துக்கு இதுதான் வேலை. ஏரோப்ளேனிலிருந்து குதிக்கிறவர்களுக்குப் பாராசூட் மடித்துக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டையில் கையெழுத்துப் போடுவது. சின்னண்ணனுக்கு அதில் மதிப்பே கிடையாது. துப்பாக்கி பிடிக்காதவன் என்ன பட்டாளத்துக்காரன்? குதித்தவன் அவர் மகன் வேலுமணி. வங்காளச் சண்டையில் குதித்தான், திரும்பி வரவில்லை.

அவன் எப்படிச் செத்தான் என்று வந்து சொன்னதும் இந்த மருமகன்தான். ஆகாயத்திலிருந்து இறங்குகிறவன் காலூன்றிக் கூட்டாளிகளோடு சேர்ந்துவிட்டால் அப்புறம் அடக்க முடியாதாம். அதனால் அந்தரத்தில் தொங்கும்போதே சுட்டுவிட வேண்டும் என்று எதிரிக்குப் பாடமே உண்டாம். அன்றிலிருந்து முகம் தெரியாத ஒருத்தனைச் சின்னண்ணன் தினமும் மனசுக்குள் வெட்டிக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக அவர் அண்ணாந்து பார்ப்பதில்லை. தலைக்கு மேலே கொக்கு பறந்தாலும் குனிந்துகொள்வார்.

"சாமி, துணிமணியை எடு. நம்மூட்டுக்குப் போலாம்," என்றார் மகளிடம். "பைத்தியத்தோட நீ குடித்தனம் பண்ணுனது போதும்."

மருதாசலம்தான் வாய் திறந்தான்.

"கூட்டிட்டுப் போயிருங்க மாமா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவன் விரல் நுனியெல்லாம் தோலுரிந்து சிவந்திருந்தது. சின்னண்ணன் அதைப் பார்த்தும் இரங்கவில்லை. கட்டினவளை அனுப்பத் துடிக்கிறானே, வேறு எவளையாவது பார்த்து வைத்திருக்கிறானோ என்றுதான் அவர் புத்தி போனது.

பேச்சை மாற்ற, மடியில் என்ன அட்டை என்று மகளிடம் கேட்டார். அவருக்கு எழுத்து தெரியாது.

"பொங்கலுக்கு வெள்ளையடிக்கையில இவரு பொட்டிக்கு அடியில கெடச்சதுங்கப்பா. இவரு கையெழுத்துதான்."

புருஷன் கையெழுத்தைக்கூட மடியில் வைத்துக் காக்கிறாளே என்று நினைத்துக்கொண்டார். கடைசியாக ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தார்.

"இவரை உட்டுட்டு நான் எங்கயும் வர்லீங்கப்பா," என்றாள்.

இதற்குமேல் பெற்றவன் என்ன செய்வது? இப்படி ஒருத்தி வாய்த்ததற்கு அந்தப் பயல் கொடுத்து வைத்தவன். சின்னண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். சங்ககிரிப் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

குனிந்து செருப்பை மாட்டும்போது பின்னால் சத்தம் கேட்டது. திரும்பினார். சென்னியம்மாள் எழுந்து, மடித்த சேலையின் ஒரு நுனியைப் பிடித்து ஓங்கி உதறியிருந்தாள். சேலை ஒரு சிக்கலும் இல்லாமல் படபடவென்று விரிந்து, குடை மாதிரி உப்பி, மெல்லத் தரையில் இறங்கியது.

மருதாசலம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவள் சேலையைச் சுருட்டி அவன்முன் போட்டாள்.

"இது விரியுதுங்க. எந்தம்பிக்கு மடிச்சீங்கல்ல, அது மாதிரி மடிங்க."