ஆளில்லாத கட்டில்

நடைபாதையிலிருந்து வீடு கிடைத்துப் போனவர்கள் அங்கேயே தங்குகிறார்களா என்பதை இப்போதெல்லாம் ஆள் படுத்தால் பதிவு செய்யும் கருவி பொருத்திய கட்டிலே சொல்லிவிடுகிறது. இருசாயியின் கட்டில் ஒரு மாதமாக ஆளில்லாமல் கிடப்பதாகவும், இன்றைக்கும் அப்படியே கிடந்தால் வீடு வேறொருவருக்குப் போய்விடும் என்றும் வீடற்றோர் காப்பகத்துக்குத் தகவல் வந்தது. அங்கே வேலை பார்க்கும் ஜெயசீலி, பகலெல்லாம் அலைந்தது போதாதென்று மறுபடி பஸ் ஏறினாள். அந்த வீட்டை வாங்கித் தர வருஷக்கணக்கில் நடையாய் நடந்தவள் அவள்தான்.

நடைபாதைக்காரர்களுக்கென்றே கட்டிய அந்த அடுக்குமாடியில், இருசாயி லிஃப்ட் பக்கத்தில் தரையில் சுருண்டு கிடந்தாள்.

"என்னக்கா இது? உள்ள மெத்தை இருக்குல்ல?"

"உள்ள ஒரு சத்தமும் இல்ல கண்ணு. பிளாட்பாரத்துல யாராவது காதுகிட்ட நடந்துக்கிட்டே இருப்பாங்க. அந்தச் சத்தம் இல்லாட்டி பயந்து முழிச்சுக்கிறேன்."

ஜெயசீலிக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய்க் கட்டிலில் படுக்க வைத்தாள். கதவைத் திறந்தே விட்டுவிட்டு, வெளியே செருப்புச் சத்தம் கேட்க அங்குமிங்கும் நடந்தாள். கால் கெஞ்சியது. ஒருவழியாக உள்ளிருந்து குறட்டை கேட்டது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பெரியவர் ஒருவர் போர்வையும் கையுமாக எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்றார். "இப்பத்தான் கண்ணு அசந்துச்சு."

ஜெயசீலி மறுபடி நடக்கத் தொடங்கினாள்.