டபுள் ஆயர்

மலேசியாவின் ஈப்போ நகரில் தௌஃபிக்கின் குழாய்ச் சாமான் கடைச் சுவர் முழுக்க ஷவர்கள், முடிசூட்டு விழாவுக்கு வந்த மன்னர்களைப் போல மின்னுகின்றன. ஒன்று ராயல் மழை, இன்னொன்று இம்பீரியல் அருவி. அட்டைப்பெட்டியில் ஒரு வெள்ளைக்காரி அண்ணாந்து சிரிக்கிறாள். அர்ச்சுனனுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கவாதத்தில் அஞ்சலைக்கு வலது கை விழுந்ததிலிருந்து அவர்தான் மனைவிக்குத் தண்ணீர் முகந்து ஊற்றுகிறார். இன்று காலை அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “பொணத்தக் குளிப்பாட்டுற மாதிரி இருக்குங்க” என்றாள். ஷவர் இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து தானே குளித்துக்கொள்வாள். ஆனால் அவர்களுடைய ஐந்தாம் மாடி வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் இறங்குகிறது.

பெட்டியில் தங்க எழுத்தில் ‘DOUBLE AIR’ என்றிருக்கும் இடத்தில் அவர் விரல் நிற்கிறது. “டபுள் ஆயர்னு போட்டிருக்கே தம்பி. மலாயில ஆயர்னா தண்ணிதானே? ரெண்டு மடங்கு வருமா?” தௌஃபிக் சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்துகிறான். “அது மலாய் இல்லண்ணே, இங்கிலீஷு. ஏர். காத்துலா.” “காத்தா?” “தண்ணியில காத்தக் கலந்து விடும். ஒங்க வீட்டு பிரஷருக்கு எந்த மகாராஜாவ மாட்டுனாலும் சொட்டத்தான் செய்வாரு.”

கைப்பேசி அடிக்கிறது. அஞ்சலையின் குழறும் குரல் கடை முழுக்கக் கேட்கிறது. “வாங்கிட்டீங்களா? ஆயர் நல்லா வருமா?” தௌஃபிக் துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளக்கும் ஒரு ஷவரைத் துடைக்கிறான். “நல்லா வரும்லா” என்கிறார் அர்ச்சுனன். “அப்ப நாளையிலேருந்து நானே குளிச்சுக்குவேன்.” அவள் சிரிக்கிறாள். அர்ச்சுனன் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே பெட்டியை தௌஃபிக்கின் பக்கம் தள்ளி, ‘பில் போடு’ என்று உதட்டை மட்டும் அசைக்கிறார்.