துணி கட்டிய தூர்

வித்யா காலையிலிருந்து ஏலச்செடிகளை வேரோடு பிடுங்கித் தீயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஓடைக்கு இந்தப் பக்கம் நின்று மகாராணி பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க வயிறு குளிர்ந்தது.

பின்னே? மாமனார் ஒரே தோட்டத்தைத்தான் அண்ணன் தம்பிக்குப் பாதி பாதியாகக் கொடுத்தார். மூத்தவன் பெண்டாட்டி மகாராணியின் பக்கம் செடிகள் ஏனோதானோவென்று நின்றன. இளையவன் பெண்டாட்டி வித்யாவின் பக்கமோ சரம் சரமாகக் காய்த்துத் தள்ளின. போடியிலிருந்து மலையேறும் ஜீப்பில்கூட எல்லோரும் அவளிடம்தான் யோசனை கேட்டார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆடிச் சாரலில், விடிந்தும் விடியாத பொழுதில் மகாராணி ஓடையைத் தாண்டியது அந்த எரிச்சலில்தான். வித்யாவின் செடிகள் சிலவற்றில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. கன்று எடுக்க ஏற்ற நல்ல தாய்ச்செடிக்குத் துணி கட்டி வைப்பது அந்த மலையில் எல்லோருக்கும் வழக்கம். அதில் பல கன்றுகள் சேர்ந்து நின்ற ஒரு தூரைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டாள். மூத்தவளுக்கு இல்லாத உரிமையா!

வித்யா கையைக் கழுவிக்கொண்டு ஓடையோரம் வந்தாள். கட்டே நோய் வந்துவிட்டது என்றாள். வைரசாம். ஆராய்ச்சி நிலையத்தில் படம் காட்டினார்களாம். நூல்துண்டு மாதிரி இருக்குமாம். உள்ளே தன்னைப்போல இன்னொன்றைச் செய்வதற்கான குறிப்பு, சுற்றிப் புரதத்தில் ஓர் உறை, அவ்வளவுதானாம். தனியாகக் கிடந்தால் தூசிக்குச் சமம். அசுவினிப் பூச்சி ஊசிவாயை வைத்து உறிஞ்சும்போது செடியின் செல்லுக்குள் போய்விட்டாலோ, உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, செல் தனக்காக வைத்திருக்கிற பட்டறையிலேயே தன்னை ஆயிரமாயிரமாகச் செய்ய வைத்துவிடுமாம். பிறகு பக்கத்துச் செல்லுக்குப் போகுமாம். இலையில் வெளிர்க்கோடு தெரிய மாதக்கணக்காகும், அதுவரை செடி பச்சைப்பசேலென்று நிற்கும் என்றாள்.

இந்தப் பேச்சும் இவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று மகாராணிக்குப் புகைந்தது.

ஆடியிலேயே சந்தேகம் வந்த தூருக்கெல்லாம் அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டியதாகவும், காய்க்கிற செடியாச்சே என்று பிடுங்க மனசு வராமல் விட்டதுதான் வினையாகிவிட்டதாகவும் வித்யா சொன்னாள்.

மகாராணி திரும்பித் தன் செடிகளைப் பார்த்தாள்.

வித்யா போகாமல் நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் மகாராணியிடம் எதையும் கேட்டதில்லை. ஒரு நாளாவது இவள் என் முன்னால் கைநீட்டி நிற்க வேண்டும் என்று மகாராணி எத்தனையோ தரம் ஏங்கியிருக்கிறாள்.

"உங்க பக்கந்தான் சீக்கே இல்லைங்கறாங்க. எனக்குக் கொஞ்சம் கன்னு தருவீங்களாக்கா?"

கண்ணில் நீர் கோத்திருந்தது அவளுக்கு.

உண்மையைச் சொல்லலாம். சொன்னால் திருடி என்று ஆகிவிடும், அதுவும் இவள் முன்னால்.

"அதுக்கென்ன ஆத்தா, எந்த வரிசையில வேணும்னாலும் எடுத்துக்க."

வித்யா கும்பிட்டுவிட்டு ஆட்களைக் கூப்பிடப் போனாள்.

திருடிய தூரை மகாராணி ஓரிடத்தில் நடவில்லை. கன்று கன்றாகப் பிரித்து, வரிசைக்கு ஒன்றாக நட்டிருந்தாள்.