விஷமுறி எண்ணெய்

"கறந்தாச்சாண்ணே?"

"நீ போய்ச் சனத்துக்குள்ள நில் தம்பி. நேரமாகுது." தலைப்பாகையைச் சரிசெய்தபடி கணேசலிங்கம் கூடாரத்தை விட்டு வெளியேறினார்.

சேகர் கேட்டது பாம்பின் விஷத்தைப் பற்றி. ஒவ்வொரு ஞாயிறும் காட்சிக்கு முன் கணேசலிங்கம் அதன் பல்லைக் குவளை விளிம்பில் பதித்து விஷத்தை வடித்துவிடுவார். பிறகு கடித்தால் முள் குத்தியதுபோலத்தான். அந்தத் தைரியத்தில்தான் 1973 முதல் சேகர் வாராவாரம் கையைக் கொடுத்து வந்தான்.

பென்டில் ஹில் புறநகருக்கு அப்பால், சந்தைத் திடலில் கூட்டம் சேர்ந்திருந்தது. சேகர் யாரோ போல அதைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து ஆங்கிலத்தில் கத்தினான்.

"இவன் ஏமாத்துறான். நான் இந்தியாக்காரன், பாம்பு தெரியும். அது பல் பிடுங்கின பாம்பு."

நம்மவனை நம்மவனே பொய்யன் என்றால் வெள்ளைக்காரன் வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்பான். வியாபாரமே அதில்தான்.

"அப்ப கையை நீட்டும், பாப்பம்" என்றார் கணேசலிங்கம்.

பாம்பு கடித்தது. விஷமுறி எண்ணெயைப் பூசி, சேகரைக் கதிரையில் இருத்திவிட்டு, அவர் போத்தல்களை விற்கத் தொடங்கினார். கால் மணி நேரம் முனகிவிட்டு எழுந்து ஓர் ஆட்டம் போடுவது சேகரின் பங்கு.

இன்று முனகல் தானாக வந்தது. கணேசலிங்கம் இரண்டாகத் தெரிந்தார். இமைகள் இறங்கின.

"அண்ணே, ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க" என்று தமிழில் முணுமுணுத்தான்.

"நல்லா நடிக்கிறாய். இன்னும் எட்டுப் போத்தல்தான் கிடக்கு."

"நடிக்கலண்ணே. நீங்க கறக்கலையா?"

கணேசலிங்கம் குனிந்து, இன்னும் கொஞ்சம் எண்ணெய் தேய்த்தார். அவர் முகத்தில் கள்ளமே இல்லை. சேகரைப் பயமுறுத்தியது அதுதான்.

"இல்லைத் தம்பி. சொன்னாப் பயப்படுவாய் எண்டு சொல்லேல்லை. இனிக் கறக்கத் தேவையில்லை. பாம்பு கடிச்சு இந்த எண்ணெயால பிழைச்சனாங்கள் எண்டு முப்பத்தொரு பேர் கடிதம் போட்டிருக்கினம். ஆளையாள் தெரியாத வெள்ளைக்காரச் சனம். எல்லாரும் பொய்யோ எழுதுவினம்? கொஞ்சம் பொறு, சுகமாகிடும்."

சேகர் வாயைத் திறந்தான். நாக்கு புரளவில்லை.

பாம்பை விட்டுவிட்டு டாக்சி ஓட்டப் போவதாகக் கணேசலிங்கம் சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து, கையெழுத்தை மாற்றி மாற்றி, வாரம் ஒன்றாக அந்தக் கடிதங்களை எழுதித் தபாலில் போட்டவன் அவன்தான்.