கட்டையில் படாமல்

"உட்காருங்க தம்பி. இதை முடிச்சுட்டுப் பேசலாம்."

சொன்னவரின் மடியில் ஒரு துப்பாக்கி இருந்தது.

பல் டாக்டர் உட்கார்ந்தான். பெண் கேட்டுப் போன வீட்டில் பெண்ணின் அப்பா துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தால் வேறு என்ன செய்வது? காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வந்த பேச்சில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. அடுத்தவரை வாயைத் திறக்கச் சொல்லித்தான் அவனுக்குப் பழக்கம். இன்று அவன் வாயே திறக்க மறுத்தது.

அவளாவது பக்கத்தில் இருந்திருக்கலாம். வெளியூரிலிருந்து வரும் அம்மாவை அழைத்துவர ரயில் நிலையம் போயிருந்தாள். நீங்க போய் அப்பாகிட்ட பேச்சை ஆரம்பிச்சு வைங்க என்று போனில் சொன்னது அவள்தான். எங்க வீட்ல துப்பாக்கியெல்லாம் இருக்கு, பார்த்து நடந்துக்கோங்க என்று எப்போதோ ஒரு நாள் சிரித்திருக்கிறாள். அவன் அதைக் கேலி என்று விட்டுவிட்டான்.

கேலி இல்லை. சுவர் அலமாரி நிறையக் கோப்பைகள். கண்ணாடிச் சட்டத்துக்குள் வரிசையாகத் தொங்கின பதக்கங்கள், எல்லாம் குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் வாங்கியவை. இந்த மனிதருக்குக் குறி தப்பாது.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு அவனை முறைத்தார். நெற்றியில் வியர்வை.

அம்மாவும் பெண்ணும் எத்தனை மணிக்கு வருகிறார்களாம் என்று கேட்டார். வந்துகொண்டே இருக்கிறார்கள் என்றான். அவர் முகம் இன்னும் இருண்டது.

"வர்றதுக்குள்ள முடிச்சாகணும்" என்று பல்லைக் கடித்தார்.

எதை முடிக்க வேண்டும் என்று கேட்கிற தைரியம் அவனுக்கு வரவில்லை. இப்படிக் கடித்தால் கடைவாய்ப் பல் தேய்ந்துவிடும் என்று சொல்ல மட்டும் நாக்கு துடித்தது. இந்த நேரத்திலும் தொழில்புத்தி போகவில்லை.

"உள்ளே குண்டு இருக்கா சார்?"

"குண்டெல்லாம் பீரோவுல. சாவி என்கிட்ட கிடையாது."

அவனுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் அவர் செய்வதைச் சரியாகப் பார்த்தான். துப்பாக்கியின் மரக்கட்டையைத் தரையில் ஊன்றி, குழல் வாயை மேலே தூக்கிப் பிடித்து, கழுவும் மருந்தை மேலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். மருந்து குழலுக்குள் இறங்கி, அடியில் கசிந்து, பளபளவென்று மெருகேற்றிய கட்டையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

"சார், சொட்டு. கட்டையில இறங்குது."

அவர் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"மெருகு போயிடும் தம்பி. போச்சு. என் கதை முடிஞ்சுது."

அதன்பின் அவன் யோசிக்கவில்லை. கிளினிக்கிலிருந்து நேரே வந்ததால் சட்டைப் பையில் பஞ்சுச் சுருள் இருந்தது. ஒன்றை எடுத்துச் சொட்டை ஒற்றினான். தேய்க்காமல், ஈறில் ஒற்றுவதுபோல மெல்ல. இன்னும் இரண்டைக் குழலும் கட்டையும் சேரும் இடுக்கில் செருகினான். பிறகு துப்பாக்கியை வாங்கி மேசைமேல் மடித்த துண்டில் படுக்கவைத்து, குழல் வாய் தாழ்ந்திருக்கும்படி சாய்த்தான்.

"வாய் கொப்பளிச்சா குனிஞ்சுதானே துப்பச் சொல்றோம் சார். நிமிர்ந்தா தொண்டைக்குள்ள போயிடும். இதுக்கு இந்தக் கட்டைதான் தொண்டை."

அவர் நல்ல நோயாளிபோலத் தலையாட்டினார். அவன் கம்பியில் துணியைச் சுற்றிக் கொடுத்துப் பின்பக்கத்திலிருந்து தள்ளச் சொன்னான். அழுக்கில் கறுத்துப்போன மருந்து முன்வாய் வழியாகக் கிண்ணத்தில் சொட்டியது. கட்டையில் மேற்கொண்டு ஒரு துளிகூடப் படவில்லை. முதலில் சொட்டு இறங்கியிருந்த இடம் மட்டும் லேசாக மங்கியிருந்தது. கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் அவன் பொறுமையாகத் தேய்க்கத் தேய்க்க, அங்கேயும் வெளிச்சம் திரும்பியது.

பெரியவர் நாற்காலியில் சாய்ந்து விட்ட பெருமூச்சில் மேசைமேலிருந்த பஞ்சு பறந்தது.

இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று அவனுக்குத் தோன்றியது.

"சார், உங்க பொண்ணு விஷயமா..."

"அவ சொன்ன அன்னைக்கே எனக்குச் சம்மதம் தம்பி. நல்ல பையன்னு முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கு."

அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்படியானால் இவ்வளவு நேரம் ஏன் முறைத்தீர்கள் என்று கேட்டான். அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது வாசல் கதவு திறந்தது.

முதலில் அவள் வந்தாள். பின்னாலேயே, கையில் பெட்டியோடு, அவள் தோள் உயரமே இருந்த அவள் அம்மா. அந்த அம்மாள் விருந்தாளியைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு நேரே மேசைக்குப் போனார். துப்பாக்கியை ஒரு கையால் தூக்கி, தோளில் பொருத்தி, கட்டையில் கன்னத்தைப் பதித்து, ஒரு கண்ணை மூடிச் சுவர்க் கடிகாரத்தைக் குறிபார்த்தார். அலமாரியிலிருந்த அத்தனை கோப்பைகளும் யாருடையவை என்று பல் டாக்டருக்கு அப்போதுதான் விளங்கியது.

"நாளைக்குப் போட்டி. என் துப்பாக்கியைத் தொடாதீங்க, வந்து நானே துடைச்சுக்கிறேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?" கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா சுத்தமா இருக்கே. உங்களுக்கு இவ்வளவு பொறுமை கிடையாதே. யாரு பண்ணது?"

அதற்குள் பல் டாக்டரின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்திருந்த பெரியவர், அந்த வீட்டில் முதன்முறையாகத் தானே ஒரு முடிவெடுத்துச் சொன்னார்:

"நம்ம மாப்பிள்ளைதான்."