பிரித்து எழுதுக

“ஏம்மா, ரெஸ்ட்ரூம் கேட்டீங்க, கட்டிக் குடுத்தாச்சு. டைல்ஸ் போட்டு, தண்ணி விட்டு, கதவுக்குத் தாழ்ப்பாளும் வெச்சாச்சு. இன்னும் என்ன வேணும்?”

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார். எதிரே இரண்டு பெண்கள் நின்றார்கள். சட்டைகளுக்குப் பட்டன் துளை போடும் காஜா மெஷினில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவளைத் தொழிற்சாலையே காஜா அக்கா என்றுதான் கூப்பிடும். கூட வந்தவள் காலர் தைப்பவள், சின்னப் பெண். எப்போது கதவு திறக்கும், ஓடிவிடலாம் என்பதுபோல் நின்றாள்.

“கட்டினது டாய்லெட் சார். பேப்பர்ல இருக்கிறது ரெஸ்ட் ரூம்” என்றாள் அக்கா.

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்லை சார். இது பிரிச்சு எழுதியிருக்கு.”

கையோடு கொண்டுவந்த ஒப்பந்த நகலை மேஜையில் விரித்து, ஏழாவது வரியில் விரலை ஊன்றினாள். போன வருட வேலைநிறுத்தத்தின் முடிவில் பழைய மேனேஜர் கையெழுத்துப் போட்ட ஆங்கில ஒப்பந்தம். இவர் இங்கே வந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

“எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தர்றீங்களா?”

“என் பொண்ணு ஏழாவது படிக்கிறா சார். பரிட்சை வந்தா புத்தகத்தை வெச்சுக்கிட்டு நான்தான் கேள்வி கேக்கணும். அவ சொல்ற பதில் சரியான்னு தெரியணும்னா நானும் படிச்சாகணுமே. இப்ப காம்பவுண்டு நவுன் ஓடிக்கிட்டிருக்கு.”

“இதே மாதிரி பேசினா காம்பவுண்டுக்கு வெளியே நிக்க வேண்டியிருக்கும்.”

“அது வேற காம்பவுண்டு சார். இது ரெண்டு வார்த்தை சேர்ந்து புதுசா ஒரு பேர்ச்சொல் ஆகிறது. சிலதைச் சேர்த்தே எழுதணும், சிலதைப் பிரிச்சே எழுதணும். மாத்தினா சிலது அர்த்தமே மாறிடும். கிரீன் ஹவுஸ்னு பிரிச்சு எழுதினா பச்சை பெயிண்ட் அடிச்ச வீடு. சேர்த்து எழுதினா செடி வளர்க்கிற கண்ணாடிக் கூடம். கண்ணாடிக் கூடத்தைக் காட்டி, இதுதான் நீ கேட்ட வீடு, குடி போன்னு சொன்னா போக முடியுமா?”

காலர் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் சமாளித்தாள்.

மேனேஜர் சிரிக்கவில்லை. “ஒரு இடைவெளியைப் பிடிச்சுக்கிட்டு இவ்வளவு வம்பா?”

“வம்பு இல்லை சார். போன மாசம் மின்விசிறி கேட்டு வந்தோம். பழைய மேனேஜர் தர்றேன்னு சொன்னாருன்னு சொன்னோம். வாய்ப் பேச்செல்லாம் செல்லாது, பேப்பர்ல என்ன எழுதியிருக்கோ அதுதான்னு நீங்கதான் திருப்பி அனுப்பினீங்க. சரின்னு போயிட்டோம். இன்னைக்குப் பேப்பரோட வந்திருக்கோம்.”

அவர் முகம் சிவந்தது. “வேலை போயிடும், தெரியுமா?”

காலர் பெண் அக்காவின் முழங்கையைத் தொட்டாள், போய்விடலாம் என்று. அக்கா நகரவில்லை.

“போகட்டும் சார். ஆனா எதுக்காகப் போகுதுன்னு எழுதிக் குடுங்க. இலக்கணம் சரியாச் சொன்னதுக்காகன்னு எழுதுங்க.”

அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

“போன வாரம் அயர்ன் பண்ற இடத்துல ஒருத்தி மயங்கி விழுந்தா. ஏழு மாசம் அவளுக்கு. படுக்க வைக்க இடமில்லாம துணி மூட்டை மேல கிடத்தினோம். துணியில அழுக்குப் படும், எறக்குங்கன்னு சூப்பர்வைசர் கத்தினாரு. தரையில எறக்கினோம். முந்நூறு பொம்பளைங்க வேலை செய்யற இடம் சார் இது.”

மேனேஜர் செல்போனை எடுத்து அகராதியைத் தேடினார். சேர்த்து எழுதிப் பார்த்தார்: கழிப்பறை. பிரித்து எழுதிப் பார்த்தார். பணியாளர்கள் ஓய்வெடுக்கும் அறை என்ற பொருளும் அதில் இருந்தது. மறுபடி ஒப்பந்தத்தைப் பார்த்தார்.

“அடுத்த வாரம் தணிக்கைக்கு, நம்ம சட்டையை வாங்குற வெளிநாட்டுக்காரங்க வர்றாங்களே சார், அவங்களுக்கு இங்கிலீஷ் என்னைவிட நல்லாவே தெரியும்” என்றாள் அக்கா.

மேனேஜர் பேனாவைத் திறந்தார். பழுதான மெஷின்கள் அடைந்து கிடக்கும் மேற்கு அறையைக் காலி செய்து, நான்கு கட்டில், இரண்டு மின்விசிறி போட்டு, பெண்கள் ஓய்வெடுக்கத் தர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். காகிதத்தை அவர் நீட்டவில்லை, தள்ளிவிட்டார். அக்கா நிதானமாக ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்தாள்.

மாடிப்படி இறங்கும்போது காலர் பெண் பாதிப் படியில் சட்டென்று நின்றாள்.

“அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். ஸ்ட்ரைக் பண்ணப்போ நாம ஓய்வெடுக்க அறைன்னு ஒண்ணு கேட்டோமா என்ன? எனக்கு ஞாபகமே இல்லையே.”

“எங்கடி கேட்டோம்? அன்னைக்கு டாய்லெட் மட்டும்தான் கேட்டோம். டைப் அடிச்சவங்க கை தவறி நடுவுல கொஞ்சம் இடம் விட்டுட்டாங்க” என்றாள் காஜா அக்கா. “அந்த இடத்துலதான் நாலு கட்டில் போடச் சொல்லிட்டு வந்திருக்கேன்.”